பார்க்கிங்கிலிருந்து போன வாக்குகள்

பால்டிமோர்
4 ஆகஸ்ட் 2025

அன்புள்ள அண்ணை,

போனில் சொல்ல முடியாத விஷயம் என்பதால் எழுதுகிறேன். நான் எப்போது அழைத்தாலும் நீங்கள் அதை ஸ்பீக்கரில் போட்டு மேசையில் வைத்துவிடுவீர்கள். அம்மா அடுப்பை அணைத்துவிட்டு வந்து பக்கத்தில் இருந்துவிடுவார். பிறகு நான் என்ன சாப்பிட்டேன் என்பதைத் தவிர வேறு எதையும் பேச முடியாது. இந்த மின்னஞ்சலை ஜெஸ்ரின் அண்ணி வாசிக்கலாம். அம்மாவுக்கு வாசித்துக் காட்ட வேண்டாம்.

நல்ல செய்தியை முதலில் சொல்கிறேன். எங்கள் லக்ரோஸ் லீக்கின் இந்த வருட எம்.வி.பி. விருதுக்கு, அதாவது அதிபெறுமதி வாய்ந்த வீராங்கனை விருதுக்கு, கடைசி மூன்று பேரில் என்னையும் எடுத்திருக்கிறார்கள். கோல்காப்பாளர் ஒருத்தியை அந்த இடத்துக்கு எடுப்பது அபூர்வம். வழமையாகக் கோல் போடுகிறவர்களுக்குத்தான் அந்தப் பேர் போகும். மற்ற இருவரில் ஒருத்தி பொஸ்டன் அணிக்காரி. மற்றவள் டெல்லா. என் அணிதான், நானும் அவளும் ஒரே வீட்டில்தான் வாடகைக்கு இருக்கிறோம். இந்தப் பருவத்தில் அவளைவிட அதிகமாகக் கோல் போட்டவர் யாரும் இல்லை.

இனிக் கெட்ட செய்தி. என் ஒப்பந்தம் இந்த மாதத்தோடு முடிகிறது. பல்கலைக்கழகத்திலிருந்து வரப்போகும் ஒரு புதுக் கோல்காப்பாளரை கிளப் பார்த்து வைத்திருக்கிறது. கோச் என்னைக் கூப்பிட்டு ஒளிக்காமல் சொன்னார். விருது கிடைத்தால் உன்னை ஒருவரும் அசைக்க முடியாது, கிடைக்காவிட்டால் என்னால் ஒன்றும் சொல்ல ஏலாது என்றார். ஒப்பந்தம் இல்லையென்றால் விசாவும் இல்லை. லண்டனுக்கு வந்து, சட்டனில் அந்தப் பள்ளிக்கூடம் தருவதாகச் சொன்ன விளையாட்டு ஆசிரியர் வேலையை எடுக்க வேண்டியதுதான். நல்ல வேலை, நான் குறை சொல்லவில்லை. ஆனால் இருபத்தெட்டு வயதில் இங்கிருந்து எழும்பிப் போனால், பிறகு என்னை யாரும் திருப்பிக் கூப்பிடப் போவதில்லை.

இந்த மாதக் கடைசியில் முடிவு தெரியும். அதுவரை எப்படி இருக்கப் போகிறேனோ தெரியவில்லை. வீட்டுக்குப் பின்னால் உள்ள மதிலில் பந்தை எறிந்து எறிந்து பிடிக்கிறேன். பக்கத்து வீட்டுக்காரர் நேற்றுக் கதவைத் தட்டி முறைப்பாடு சொல்லிவிட்டுப் போனார்.

ஒப்பந்தக் கதை அம்மாவுக்குத் தெரியக் கூடாது. தெரிந்தால் அன்றைக்கே என் அறைக்குப் புதுத் திரைச்சீலை வாங்கிவிடுவார்.

உங்கள்
ஷெறோன்


பார்க்கிங், லண்டன்
6 ஆகஸ்ட் 2025

என் அருமைத் தங்கச்சி,

உன் கடிதத்தை பஸ் கராஜில் இடைவேளையில் வாசித்தேன். வாசித்து முடிய நான் போட்ட சத்தத்தில் கன்ரீன் முழுக்கத் திரும்பிப் பார்த்தது. "என்ன கஸ்பர், லொட்டரியோ?" என்று கேட்டார்கள். "லொட்டரி என்ன லொட்டரி, என்ரை தங்கச்சி எம்.வி.பி." என்றேன். பிறகு லக்ரோஸ் என்றால் என்ன என்று அவர்களுக்கு விளங்கப்படுத்துவதிலேயே என் இடைவேளை போய்விட்டது. வலை கட்டின தடி, அதற்குள் பந்து, ஓடி ஓடி எறிய வேண்டும், என் தங்கச்சி கோலுக்குள் நின்று மறிப்பாள் என்றேன். ஒருவன், பந்து மெதுவானதா என்று கேட்டான். தார் ரோட்டில் போட்டால் ரோட்டுக்குத்தான் நோகும் என்று சொல்லி வைத்தேன்.

உன்னுடைய ஒவ்வொரு ஆட்டத்தையும் அடுத்த நாள் ஷிப்ட் முடிந்து வந்து பார்க்கிறேன் என்று உனக்குத் தெரியுமா? தெரியாது. நீ கேட்டதே இல்லை. போன வாரம் அந்த நீலச் சட்டைக்காரி எறிந்ததை நீ தொடையால் மறித்தாயே, அதை ஜெஸ்ரின் கண்ணை மூடிக்கொண்டு பார்த்தாள். மூடிக்கொண்டு எப்படிப் பார்ப்பது என்று கேட்காதே.

ஒப்பந்த விஷயம் என்னோடு இருக்கும். அம்மாவிடம் மூச்சு விட மாட்டேன்.

எனக்கு ஒன்றுதான் தெரிய வேண்டும். இந்த விருதுக்கு ஆளை யார் தெரிவு செய்கிறது? அங்கே நமக்குத் தெரிந்தவர் யாரும் இருக்கிறார்களா? உடனே எழுது. இருக்க முடியாமல் இருக்கிறது.

அண்ணன்
கஸ்பர்


பால்டிமோர்
8 ஆகஸ்ட் 2025

அன்புள்ள அண்ணை,

தெரிந்தவர் பிடிக்கிற இடமில்லை இது. கோச்சுகளும் விளையாடுகிறவர்களும் போடும் வாக்குகள் பாதி. மிச்சப் பாதியில் ஒரு பங்கு பத்திரிகைக்காரர்களுக்கு, ஒரு பங்கு ரசிகர்களுக்கு. ரசிகர்கள் லீக்கின் இணையத்தளத்தில் மின்னஞ்சல் முகவரி கொடுத்து, மூன்று பேரில் ஒருவரின் படத்தை அமத்த வேண்டும். ஆளுக்கு ஒரு வாக்குத்தான். அதெல்லாம் டெல்லாவின் ஊர் போன்ற இடங்களில் நடக்கும். அங்கே சின்னப் பிள்ளைகளும் தடியோடு திரிகிறவர்கள். எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. நீங்களும் அதைப் பற்றி யோசிக்க வேண்டாம்.

ஆட்டங்களைப் பார்க்கிறீர்கள் என்று எனக்குத் தெரியாதுதான். அந்த வரியை வாசித்துவிட்டு எழும்பிப் போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தேன். ஏன் இதை முன்பே சொல்லவில்லை? நான் விளையாடுவதைப் பற்றி வீட்டில் ஒருவரும் கேட்பதில்லை என்று இவ்வளவு நாளும் மனதுக்குள் உங்களோடு சண்டை பிடித்துக்கொண்டிருந்தேன்.

டெல்லாவும் நானும் விருதைப் பற்றிக் கதைப்பதில்லை. சேர்ந்து சமைக்கிறோம், சேர்ந்து பயிற்சிக்குப் போகிறோம். பயிற்சியில் அவள் எனக்கு எறியும்போது முன்பைவிடக் கொஞ்சம் பலமாக எறிவது போல இருக்கிறது. என் மனப்பிரமையாகவும் இருக்கலாம்.

தயவுசெய்து சும்மா இருங்கள். உங்களை எனக்குத் தெரியும்.

ஷெறோன்


பார்க்கிங்
17 ஆகஸ்ட் 2025, ஞாயிறு

என் அருமைத் தங்கச்சி,

சும்மா இருக்கச் சொன்னாய். இருந்து பார்த்தேன், ஏலவில்லை.

இன்றைக்கு மடு மாதா திருநாள் பூசை. சட்டன், ஹரோ எல்லாப் பக்கத்திலிருந்தும் மன்னார் ஆட்களும் யாழ்ப்பாணத்து ஆட்களும் வந்து கோயில் நிரம்பி வாசலுக்கு வெளியிலும் சனம். பூசை முடிந்து ஹோலில் சாப்பாடு. அதற்கு முதல் ஐந்து நிமிஷம் எனக்குத் தரும்படி ஃபாதரிடம் போன கிழமையே கேட்டு வைத்திருந்தேன். ஐந்து நிமிஷம் அரை மணித்தியாலம் ஆகிவிட்டது, அது வேறு கதை.

அரையிறுதி ஆட்டத்தின் ஒரு துண்டைப் பெரிய திரையில் போட்டேன். பந்து உன் தொடையில் பட்டு நீ முழங்காலில் விழுகிறாய். எழும்புவதற்கிடையில் இன்னொருத்தி எறிகிறாள். அதையும் பிடிக்கிறாய். ஷெறோன், ஹோல் இடிந்து விழாத குறை! ஒரு விதியும் தெரியாத சனம் எழும்பி நின்று கை தட்டியது. நான் மைக்கைப் பிடித்தேன். "இந்தப் பரிசு கிடைச்சாத்தான் எங்கடை பிள்ளையை அங்கை வைச்சிருப்பினம். கிடைக்காட்டி லண்டனுக்குத் திருப்பி அனுப்பிப்போடுவினம். அனுப்ப விடுவமோ?" என்று கேட்டேன். "விடமாட்டம்" என்று பிள்ளைகள் கத்தினார்கள்.

பிறகு வேலையைப் பார். ஜெஸ்ரின் மேசை போட்டு லப்டொப்புகளை வரிசையாக வைத்தாள். ஹோல் வை-ஃபையில் எல்லாவற்றையும் இணைத்தோம். மின்னஞ்சல் இல்லாத வயது போன ஆட்களுக்கு அங்கேயே புதிதாகத் திறந்து கொடுத்தோம். ஆளுக்கு ஒரு வாக்குத்தான், கள்ள வாக்கு ஒன்றுகூட இல்லை, அந்தோனியார் சாட்சி. சனம் சாப்பாட்டு மேசைக்கு ஓடிவிடும் என்பதற்காக ஒரு சின்ன மூளை பாவித்தேன். வாக்குப் போடும் வரிசையின் முடிவில் சாப்பாட்டை வைத்தேன். புரியாணிக்குப் போகிற ஒவ்வொருவரும் உன்னைத் தாண்டித்தான் போக வேண்டும்.

மரியாயின் சேனை செபக்குழுப் பெண்கள் எல்லோரும் கிளறிற்றா அக்காவின் தலைமையில் ஒன்றாக வந்தார்கள். அம்மா அவர்களோடு வரிசையில் நின்று, யார் எந்தப் படத்தை அமத்த வேண்டும் என்று காதுக்குள் சொல்லிக் கொடுத்துக்கொண்டிருந்தார். எனக்குக் கண் கலங்கிப் போய்விட்டது.

இனி நீ படுத்து உறங்கு. விருது நம்முடையது.

கஸ்பர்


பால்டிமோர்
19 ஆகஸ்ட் 2025

அண்ணை,

என்ன செய்து வைத்திருக்கிறீர்கள்?

லீக்கிலிருந்து நேற்று என்னைக் கூப்பிட்டார்கள். ஞாயிற்றுக்கிழமை இரண்டு மணித்தியாலத்துக்குள், லண்டனில் ஒரே ஒரு இணைய இணைப்பிலிருந்து நூற்றுக்கணக்கான வாக்குகள் வந்து விழுந்திருக்கின்றன. அரைவாசி மின்னஞ்சல் முகவரிகள் அன்றைக்குத்தான் பிறந்தவை. பெயர்களை எனக்குக் காட்டினார்கள். மேரி, மேரி, மேரி, மேரி ஜோசபின், மேரி மாகிரட். ஒரு மெஷின் இருந்து பெயர் போட்டதா என்று அந்த மனிதர் கேட்டார். இல்லை, எங்கள் கோயிலில் எல்லோரும் மேரிதான் என்றேன். அவர் எழுதிக்கொண்டார். அந்த எழுத்து எனக்கு நல்லதாகப் படவில்லை.

அதற்கு மேல், யாரோ ஒருவர் புரியாணித் தட்டோடு நின்று படமெடுத்து, "வாக்குப் போட்டால்தான் சோறு" என்று பகிடியாகப் போட்டிருக்கிறார். அந்தப் படமும் அவர்கள் கையில் இருக்கிறது. சோறு கொடுத்து வாக்கு வாங்கினேனா என்று கேட்கிறார்கள். நான் இங்கே ஏழு வருடமாக நல்ல பெயர் எடுத்தவள். நான் கேட்டுத்தான் இது நடந்தது என்று முடிவானால் என் பெயரை மூன்று பேரிலிருந்து வெட்டுவார்கள். அதோடு நிற்காது. கள்ள வாக்குக்காரியை எந்த கிளப் எடுக்கும்?

டெல்லாவுக்கும் தெரிந்துவிட்டது. நேற்றிரவு அவள் தன் தட்டை எடுத்துக்கொண்டு அறைக்குள் போய்க் கதவைச் சாத்திவிட்டாள். இன்று பயிற்சிக்குத் தனியாகப் போனாள். நான் பஸ்ஸில் போனேன். உடை மாற்றும் அறையில் நான் நுழையக் கதை நின்றது.

இன்னொன்று. என் ஒப்பந்தக் கதையை மைக்கில் சொன்னீர்களா? அம்மா முன்னால்? "மூச்சு விட மாட்டேன்" என்று எழுதிய அதே ஆள்தானே நீங்கள்?

ஷெறோன்


பார்க்கிங்
20 ஆகஸ்ட் 2025

ஷெறோன்,

கோபத்தில் எழுதியிருக்கிறாய். சரி. நானும் கோபத்தில்தான் இருக்கிறேன்.

கள்ள வாக்கு என்ற சொல்லை நீயே எழுதலாமா? அங்கே நின்றவர்கள் எல்லோரும் உயிருள்ள மனிதர்கள். ஒவ்வொருவரும் தங்கள் விரலால் அமத்தினார்கள். மேரி என்று பெயர் வைத்தது அவர்களின் குற்றமா? புரியாணி வருஷா வருஷம் கொடுப்பதுதான். நான் வரிசையை மட்டும்தான் மாற்றினேன். அந்தப் படத்தைப் போட்டவன் யார் என்று கண்டுபிடித்துவிட்டேன், அவனுக்கு அடுத்த திருநாளில் சோறு இல்லை.

லீக்குக்கு நானே ஒரு கடிதம் எழுதப் போகிறேன். கோயிலின் முத்திரையும் போட்டு அனுப்பினால் நம்புவார்கள்தானே? ஜெஸ்ரின் வேண்டாம் என்கிறாள். நீ என்ன சொல்கிறாய்?

மைக்கில் அதைச் சொன்னது பிழைதான். சனத்தைக் கண்டதும் வாய் தன்பாட்டில் போய்விட்டது. அம்மா இதுவரை அதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. கவனித்திருக்க மாட்டார் என்றுதான் நினைக்கிறேன்.

இரவு பகலாக உன்னையே யோசித்துக்கொண்டிருக்கிறேன். நேற்று பஸ்ஸை ஒரு நிறுத்தத்தில் நிறுத்தாமல் ஓட்டிப் போய்விட்டேன். கண்ணாடியில் பார்த்தால் ஒரு மனுஷி குடையை ஆட்டிப் பேசிக்கொண்டு நிற்கிறாள்.

கஸ்பர்


பால்டிமோர்
21 ஆகஸ்ட் 2025

அண்ணை,

முத்திரை ஒன்றும் வேண்டாம். லீக்குக்கு ஒன்றும் எழுத வேண்டாம். கும்பிட்டுக் கேட்கிறேன்.

ஒரு வழி தந்திருக்கிறார்கள். அந்த ஹோலிலிருந்து வாக்குப் போட்ட ஒவ்வொருவருக்கும் நாளைக்கு ஒரு மின்னஞ்சல் வரும். அதில் உள்ள இணைப்பைத் திறந்தால் அவர் போட்ட வாக்குத் தெரியும். தன் பெயரையும் தொலைபேசி எண்ணையும் எழுதி, "இது என் வாக்குத்தான்" என்று உறுதிப்படுத்த வேண்டும். லீக்கிலிருந்து சிலரைக் கூப்பிட்டும் பேசுவார்கள். வருகிற புதனுக்குள் செய்ய வேண்டும். போதிய பேர் உறுதிப்படுத்தினால் என் மேல் பிழை இல்லை என்று விட்டுவிடுவார்கள். இல்லையென்றால் என் பெயர் போய்விடும்.

நீங்கள் திறந்து கொடுத்த மின்னஞ்சல்களின் கடவுச்சொற்கள் அந்த வயது போன ஆட்களுக்கு நினைவிருக்குமா?

ஒருவரையும் வற்புறுத்த வேண்டாம். ஒருவருக்குப் பதிலாக இன்னொருவர் அமத்த வேண்டாம். அவர் போட்டது எதுவோ அதையே உறுதிப்படுத்தட்டும். இதையாவது ஒழுங்காகச் செய்யுங்கள். இது விருதுக்காக அல்ல. விருது எனக்கு இப்போது இரண்டாவது. நான் களவு செய்யவில்லை என்று டெல்லா என் முகத்தைப் பார்த்துச் சொல்ல வேண்டும்.

ஷெறோன்


பார்க்கிங்
26 ஆகஸ்ட் 2025

ஷெறோன்,

இதை எப்படித் தொடங்குவது என்று தெரியாமல் மூன்று தரம் அழித்துவிட்டேன்.

வெள்ளி தொடங்கி நேற்று வரை ஜெஸ்ரினும் நானும் வீடு வீடாக அலைந்தோம். நேற்று பாங்க் ஹொலிடே, நல்லதாய்ப் போயிற்று. கடவுச்சொல் எல்லாம் ஜெஸ்ரினிடம் இருந்தது. அவள் எல்லோருக்கும் ஒரே சொல்லைத்தான் போட்டிருக்கிறாள், அதைச் சத்தமாகச் சொல்லாதே. இளம் ஆட்கள் தாங்களாகவே செய்துவிட்டார்கள். பெரியவர்களுக்கு நாங்கள் பக்கத்தில் இருந்து காட்டினோம். அமத்தியது அவர்கள்தான்.

சட்டனில் றொசானா மச்சாள் வீட்டில் இணைப்பைத் திறந்தபோது திரையில் வந்த படம் உன்னுடையதல்ல. மஞ்சள் முடி. டெல்லா. விரல் தவறிப் பட்டிருக்கும் என்று நினைத்தேன். "மச்சாள், இது பிழையாய் விழுந்திருக்கு" என்றேன். அவர் திரையைப் பார்க்காமல், "தேத்தண்ணி குடியுங்கோ" என்றார். அடுத்த வீட்டிலும் மஞ்சள் முடி. அதற்கடுத்த வீட்டிலும். எல்லோரும் மரியாயின் சேனை. இங்கே வந்து கிளறிற்றா அக்காவிடம் போனேன். அங்கேயும் அதே முகம்.

"அமத்து தம்பி, ஏன் விறைச்சுப்போய் நிக்கிறாய்?" என்றார்.

"அக்கா, இது டெல்லா."

"ஓம். அந்தப் பிள்ளைக்குத்தான் போட்டனான்."

"எங்கடை ஷெறோன் எங்கையக்கா?"

"அதைப் போய் உன்ரை கொம்மாட்டைக் கேள்."

ஷெறோன், உன்னிடம் ஒளிக்க மாட்டேன். அந்த இடத்தில் எனக்குப் புத்தி மாறியது. இணைப்பு வேலை செய்யவில்லை என்று சொல்லிவிட்டு எழும்பி வந்திருக்கலாம். அந்த அக்காவுக்கு என்ன தெரியும்? டெல்லாவின் வாக்குகள் எல்லாம் அப்படியே செல்லாமல் போயிருக்கும். போனைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். ஜெஸ்ரின் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். போனை அக்காவிடம் நீட்டினேன், அவர் அமத்தினார். றொசானா மச்சாளுக்கும் மற்றவர்களுக்கும் திரும்பப் போய்ச் செய்வித்துவிட்டு வந்தேன். ஒருத்தரையும் விடவில்லை.

வீட்டுக்கு வந்தால் அம்மா மீன் வெட்டிக்கொண்டு நிற்கிறார்.

"அம்மா, நீங்கள் ஆருக்கு வோட்டுப் போட்டனீங்கள்?"

"அந்த வெள்ளைப் பிள்ளைக்கு."

"மற்ற ஆக்களுக்கும் நீங்களோ சொன்னனீங்கள்?"

"ஓம், நான்தான் சொன்னனான். ஏன், பிழையோ?"

"உங்களுக்கென்ன விசரே! உங்கடை சொந்தப் பிள்ளை அம்மா!"

அப்போதுதான் கத்தியை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். "நீதானே மைக்கிலை சொன்னனீ, பரிசு கிடைச்சா அங்கையே வைச்சிருப்பினம், கிடைக்காட்டி இஞ்சை அனுப்பிப்போடுவினம் எண்டு. நான் பெத்தனான். அனுப்பட்டும் எண்டு போட்டனான்." பிறகு இன்னும் சொன்னார். "அந்தப் பிள்ளை கோல் போடுது, குடுக்கட்டும். என்ரை பிள்ளைக்கு எல்லாரும் சேர்ந்து எறியினம். அவள் முழங்காலிலை விழ, நீங்கள் கை தட்டுறியள். எறி வாங்கிறதுக்கு ஒரு பரிசோ? பரிசு குடுத்தா இன்னும் எறிவினம்."

நான் கத்தினேன். அவர் திருப்பிக் கத்தவில்லை, மீனைக் கழுவினார். நேற்றிலிருந்து நானும் அவரும் கதைக்கவில்லை. ஜெஸ்ரின் நடுவில் நின்று உப்புப் புளி கேட்டுக்கொண்டிருக்கிறாள்.

எனக்கு எந்தப் பக்கம் நிற்பது என்று தெரியவில்லை. நீ வந்தால் எனக்கும் சந்தோஷம்தான். நீ இல்லாத இந்த வீட்டில் ஏழு வருடமாக ஞாயிற்றுக்கிழமை மத்தியானச் சாப்பாடு நல்லாயில்லை. ஆனால் நீ இப்படித் தோற்று வர வேண்டாம்.

கஸ்பர்


பால்டிமோர்
31 ஆகஸ்ட் 2025

அன்புள்ள அண்ணை,

நேற்று முடிவு வந்தது. இன்று முழுக்க நடந்துவிட்டு வந்துதான் எழுதுகிறேன். இருந்து எழுத முடியவில்லை.

முதலில் என் பெயர். அது தப்பிவிட்டது. வியாழக்கிழமை லீக்கிலிருந்து அந்த மனிதர் கூப்பிட்டார். கிளறிற்றா அக்காவோடு அரை மணித்தியாலம் பேசினாராம். அக்கா அவரை அடுத்த வருடத் திருநாளுக்கு அழைத்திருக்கிறாராம். பிறகு சொன்னார்: "உங்கள் சொந்த ஆட்களே இவ்வளவு பேர் உங்களுக்கு எதிராகப் போட்டிருக்கிறார்கள். வாக்கை விலைக்கு வாங்குகிறவர் இப்படியா வாங்குவார்?" அவர் சிரித்தார். நானும் சிரித்தேன். போனை வைத்த பிறகு குளியலறைக்குள் போய் அழுதேன். அண்ணை, அம்மா என்னைத் தோற்கடிக்கப் போட்ட வாக்குகளால் என் பெயர் பிழைத்தது. நீங்கள் திரும்பப் போய் அமத்துவித்த அந்த வாக்குகள். அவற்றை விட்டுவிட்டு வந்திருந்தால் நான் இன்று கள்ளி.

அன்றைக்கே உங்கள் கடிதத்தை டெல்லாவுக்கு ஆங்கிலத்தில் வாசித்துக் காட்டினேன். அவள் அறைக் கதவில் சாய்ந்துகொண்டு நின்று கேட்டாள். அம்மா மீன் வெட்டிக்கொண்டு நிற்கிற வரி வந்ததும் நிலத்தில் குந்திவிட்டாள். "உன் அம்மா எனக்காகப் பிரசாரம் செய்தாரா? என் அம்மா எனக்கு வாக்குப் போட மறந்துவிட்டார்" என்றாள். அதன் பிறகு இருவரும் சேர்ந்து சமைத்தோம்.

விருது டெல்லாவுக்குத்தான். மேடையில் அவள் பெயரைச் சொன்னபோது நான் எழும்பி நின்று கை தட்டினேன், மனதோடுதான் தட்டினேன். பார்க்கிங் பெண்களின் வாக்குகள்தான் முடிவை மாற்றினவா என்று கோச்சிடம் கேட்டேன். வித்தியாசம் எவ்வளவு என்று லீக் வெளியில் சொல்வதில்லை. தெரியாமல் இருப்பது நல்லது என்றார் கோச். எனக்கு அது நல்லதாகப் படவில்லை. இன்று காலையிலிருந்து அதையேதான் போட்டு உழப்பிக்கொண்டு நடந்தேன்.

பிறகு கோச்சிடம் நானே போனேன். புதுக் கோல்காப்பாளருக்கு அடுத்த இடம், இரண்டாவது இடம், இருந்தால் தாருங்கள் என்று கேட்டேன். அரைச் சம்பளம். பல ஆட்டங்களில் களத்துக்கு வெளியே வாங்கில் இருக்க வேண்டி வரும். யோசித்துச் சொல்லு என்றார். யோசித்துவிட்டேன் என்று அங்கேயே கையெழுத்துப் போட்டேன். விசா இன்னும் ஒரு வருடத்துக்கு இருக்கும். சட்டன் பள்ளிக்கூடத்துக்கு இன்று நன்றி சொல்லி எழுதிவிட்டேன்.

இதற்குக் கீழே உள்ளதை அம்மாவுக்கு வாசித்துக் காட்டுங்கள். பக்குவமாகச் சொல்லப் பார்க்க வேண்டாம். நீங்கள் பக்குவமாகச் சொன்னால் அது எங்கேயாவது போய் நிற்கும். அப்படியே வாசியுங்கள்.

அம்மா, எனக்கு உங்கள் மேல் சரியான கோபம். என்னிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். வந்துவிடு என்று போனில் சொல்லியிருக்கலாம். நீங்கள் சாப்பிட்டியோ என்று மட்டும்தான் கேட்டீர்கள். நானும் வீடியோவில் காயம் தெரியாதபடி நீளக் கைச் சட்டை போட்டுக்கொண்டு, சாப்பிட்டேன் என்று மட்டும்தான் சொன்னேன்.

எறி வாங்குவதற்கு ஒரு பரிசோ என்று கேட்டீர்களாம். ஓம் அம்மா, அதற்குத்தான் பரிசு. எங்கள் பக்கத்தில் மற்ற எல்லோரும் பந்தைத் துரத்துகிறவர்கள். அது வருகிற பக்கத்தைப் பார்த்துப் போய் நிற்கிறவள் நான் ஒருத்திதான். நோகும். அடிபட்டுக் கன்றிப்போன இடம் இரண்டு கிழமைக்கு நீலமாக இருக்கும். ஆனால் பந்து என் மேல் பட்டு நிற்கும்போது எனக்கு வருகிற சந்தோஷம் வேறு எதிலும் வந்ததில்லை. வேறெங்கும் என்னால் அமைதியாக இருக்க முடியாது. அதற்குள் மட்டும்தான் என் மனம் ஓரிடத்தில் நிற்கிறது.

நீங்கள் வாக்குப் போட்டவள் வென்றுவிட்டாள். ஆனால் நான் வரவில்லை, அம்மா.

உங்கள்
ஷெறோன்


பார்க்கிங்
2 செப்டம்பர் 2025

என் அருமைத் தங்கச்சி,

வாசித்துக் காட்டினேன். அப்படியே வாசித்தேன், ஒரு சொல் கூட்டவில்லை, குறைக்கவில்லை. நடுவில் ஓரிடத்தில் போனை ஜெஸ்ரினிடம் நீட்டினேன், அவள் வாங்கி மிச்சத்தை வாசித்தாள்.

அம்மா கதிரையில் இருந்து கேட்டார். அழுவார் என்று பார்த்தேன், அழவில்லை. "எந்தத் தொடை?" என்று கேட்டார். இடது என்று நினைக்கிறேன் என்றேன். "நினைக்கிறியோ? எல்லா ஆட்டமும் பாக்கிறனெண்டு சொல்லுறாய்" என்று என்னை ஏசினார். ஒரு கிழமைக்குப் பிறகு என்னோடு கதைத்த முதல் கதை அதுதான்.

பிறகு எழும்பிப் போய் உலையை வைத்தார். அரிசி கழுவிக்கொண்டே, என்னைத் திரும்பிப் பார்க்காமல், "வாற வருஷமும் இந்த வோட்டு இருக்கோ?" என்று கேட்டார்.

"இருக்கு அம்மா. ஒவ்வொரு வருஷமும் இருக்கு."

"அந்த வாங்கிலை இருந்தாலும் எங்கடை பிள்ளையின்ரை பேர் வருமோ?"

"வராது. விளையாடினாத்தான் வரும்."

"அப்ப அவளை விளையாட விடச் சொல்லு" என்றார்.

யாருக்குப் போடப் போகிறார் என்று நான் கேட்கவில்லை. நீயும் கேட்காதே.

கஸ்பர்